‘மெட்ராஸ்ல படிச்சா…’: கல்லூரித் தேர்வில் பெருநகரம் என்ன செய்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம், தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டர். என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் பதியும் நாட்கள். என் அக்கா மகள் ஒரு பழைய டைரியில் கல்லூரிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பதினொன்றுக்கும் எதிரே பச்சை மையில் ‘செ’ என்று ஓர் எழுத்து. என்னம்மா இது என்று கேட்டேன். “சென்னை, மாமா” என்றாள். பன்னிரண்டாவது கோயம்புத்தூர். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய நாகர்கோவில் கோணம் கல்லூரி பதினெட்டாவது. எந்தப் பிரிவு என்று எழுத வேண்டிய கட்டம் பாதிக்குமேல் காலி.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர், முன்பின் தெரியாதவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெட்ராஸே போடுங்க. அங்கெல்லாம் கம்பெனிக்காரன் வாசல்ல வந்து நிப்பாம்லா.” அக்காவுக்கோ வேறு கவலை. “பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் விடணுமா மக்கா?”

ஒருவருக்குச் சென்னை என்றால் வேலை, இன்னொருவருக்குத் தூரம். இரண்டு பேருமே ஊரை ஒரே பொட்டலமாகத்தான் பார்த்தார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. படிக்க வைப்பதா வேண்டாமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எங்கே என்பதில்தான் தடுமாறுகிறோம்.

பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறது?

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் போய்ப் படிப்பதில்லை. பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற கல்லூரியில் படிக்கிறார்கள். இணைப்பு என்றால் இவ்வளவுதான்: பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை, கட்டடம், ஆசிரியர், ஆய்வுக்கூடம் எல்லாம் கல்லூரியினுடையவை. ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி எல்லாக் கடைக்கும் ஒரே கிடங்கிலிருந்துதான் வருகிறது. கடை திறக்கும் நேரமும் தராசு பிடிக்கிறவரும் வரிசையின் நீளமும்தான் கடைக்குக் கடை மாறும்.

இந்தப் படிப்பினையை நம்மைவிட அனுபவித்த மாவட்டம் இருக்காது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து பட்டம் என்றால் திருவனந்தபுரம்தான். தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு நாகர்கோவில் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் தொடங்கியதும் மதுரை. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் திருநெல்வேலி. கல்லூரியின் வாசல் ஓரடி நகரவில்லை. பட்டம் கொடுக்கும் ஊர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. (இதில் ஒரு வேடிக்கை: எந்தச் சுந்தரனார் பெயரில் நெல்லையில் பல்கலைக்கழகம் இருக்கிறதோ, அவர் பெரும்பாலும் பாடம் நடத்தியது திருவனந்தபுரத்தில்!)

என்ஜினீயரிங்கில் இது இன்னும் சுலபம். தன்னாட்சி பெறாத கல்லூரி என்றால், அது குலசேகரத்தில் இருந்தாலும் காஞ்சிபுரத்தில் இருந்தாலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே பாடத்திட்டம், அதே வினாத்தாள். தன்னாட்சி என்பது பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வகுத்துக்கொள்ளும் உரிமை. பட்டம் அப்போதும் பல்கலைக்கழகத்தினுடையதுதான். கோணத்தில் இருப்பதோ அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, அதாவது பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. ‘எப்படியாவது அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்கணும்’ என்று நேர்ந்துகொள்கிற வீடுகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆனால் கிண்டியையும் கோணத்தையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாறு 1794இல் ஆரம்பிக்கிறது. பெயர் ஒன்றானாலும் வயதும் வசதியும் வேறு.

அடுத்தது ‘சென்னை’ என்ற விலாசம். சென்னைக் கல்லூரி என்று பேனர் வைக்கிற பலவும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருக்கின்றன. சில கல்லூரிகள் ஊரின் நடுவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் மாவட்டத்தின் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாராளமாகத் திருவனந்தபுரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: பட்டம் தரும் ஊர் வேறு, வகுப்பு நடக்கும் ஊர் வேறு, விலாசத்தில் எழுதும் ஊர் வேறு. பிள்ளையின் நாட்கள் கழியப்போவது வகுப்பு நடக்கும் ஊரில்.

தோவாளைக்கு ஏன் எல்லாரும் போகிறார்கள்?

சரி, வகுப்பு உண்மையிலேயே பெருநகரத்துக்குள் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன கிடைக்கும்?

விடிவதற்குள் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சுற்று வட்டாரப் பிச்சியும் அரளியும் வருவதில் ஆச்சரியமில்லை. திண்டுக்கல், ஓசூர்ப் பக்கத்துப் பூவும் ஏன் இங்கே வந்து இறங்குகிறது? கேரளத்து வியாபாரி இங்கே வருவார் என்று விற்கிறவருக்குத் தெரியும். எல்லாப் பூவும் இங்கே இருக்கும் என்று கேரளத்து வியாபாரிக்குத் தெரியும். ஒருவரை நம்பி மற்றவர் வருகிறார். இதற்குத்தான் திரட்சி என்று பெயர்: ஒரே தொழிலின் ஆட்களும் வேலையும் ஓரிடத்தில் சேரச் சேர, அந்த இடமே இன்னும் பலரை இழுக்கும்.

ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1890இலேயே இதற்கு மூன்று காரணம் சொல்லிவிட்டார். தோவாளையிலேயே மூன்றையும் பார்க்கலாம். ஒன்று, ஆள் கிடைக்கும்: மாலை கட்டத் தெரிந்தவர் தெருவுக்குத் தெரு. இரண்டு, சுற்றுத் தொழில் வளரும்: நார், கூடை, ஐஸ், வண்டி. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. தொழிலின் சூட்சுமம் காற்றில் பரவும். தோவாளை மாணிக்கமாலை கட்டுகிற விரல்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பார்த்துப் பழகியவை. இதற்கென்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

இப்போது பூவை எடுத்துவிட்டு அங்கே காரை வையுங்கள். 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராக ஆரம்பித்தன. உதிரிபாகத் தொழிற்சாலைகள் கூடவே வந்து சூழ்ந்தன. ஒரகடம் வரை அந்த வட்டாரமே ஒரு கார்ச் சந்தை ஆனது. மென்பொருளுக்கு 2000இல் தரமணியில் திறந்த டைடல் பார்க், அதிலிருந்து தெற்கே நீளும் பழைய மகாபலிபுரம் சாலை. இந்தச் சந்தைகளுக்குப் பக்கத்தில் படிக்கிற பிள்ளைக்கு மார்ஷலின் மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கும்: செமஸ்டர் விடுமுறையில் இன்டர்ன்ஷிப், சனிக்கிழமை சிறப்புரைக்கு வந்துபோகக்கூடிய கம்பெனி ஆள், வேலைக்குப் போய்விட்ட சீனியரோடு ஒரு டீ. பாடத்திட்டத்தில் இவை எதுவும் இருக்காது. ஆனால் எந்த கம்பெனி ஆள் எடுக்கிறது, இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த டீக்கடையில்தான் தெரியவரும்.

இந்த மூன்றுமே காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே கிடைப்பவை என்பதைக் கவனித்தீர்களா? ஊர் நடுவில் படிப்பவருக்கும் பஸ் ஏறி இறங்கத் தெரிந்தவருக்கும் நகரம் கிடைக்கும். நகரத்துக்கு வெளியே, ஹைவே ஓரத்தில், கல்லூரி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத விடுதியில் இருப்பவருக்கு அது தினமும் கிடைக்காது. பெண்கள் விடுதி என்றால் இன்னொரு பூட்டும் சேரும். பையன்கள் ஒன்பது மணிக்கு வந்தாலும் திறக்கிற கேட், பெண் பிள்ளைகளுக்கு இருட்டுவதற்குள் மூடிவிடுகிற விடுதிகள் உண்டு. கட்டணம் இருவருக்கும் ஒன்று. நகரம் மட்டும் ஒருவருக்கு. என்னைக் கேட்டால், பிராஸ்பெக்டஸின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டிய செய்தி அந்த கேட் மூடும் நேரம்தான்.

சுருக்கமாக: பெருநகரத்தின் நிஜமான பலம் திரட்சி. உங்கள் படிப்பின் தொழில் அங்கே திரண்டிருக்க வேண்டும், பிள்ளைக்கு வெளியே போய்வர வழியும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பலன் பாதிதான்.

ஏத்தன் குலையும் பிளேஸ்மென்ட்டும்

“அதெல்லாம் சரி. சென்னைக் காலேஜ்லதானே பிளேஸ்மென்ட் ஜாஸ்தி?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒரு வாழைக்குலைச் சந்தையைக் கற்பனை செய்யுங்கள். சந்தைக்கு முதலில் வருகிற வியாபாரி நல்ல ஏத்தன் குலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்தவருக்கு அடுத்த தரம். கடைசியில் வருகிறவருக்குச் சீப்பு சிறுத்த குலைகள். மறுநாள் முதல் கடையைப் பார்க்கிறவர், ‘இந்தக் கடையில வச்சா குலை நல்லா பெருக்குது’ என்று சொன்னால் சிரிப்போமா மாட்டோமா? குலை பெருத்தது தோட்டத்தில். கடைக்காரருக்குக் கிடைத்தது முதலில் பொறுக்கும் வாய்ப்பு.

கவுன்சலிங்கும் இதே பொறுக்கல்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கட்ஆஃப் போட்டு, அந்த வரிசைப்படி இடம் கொடுக்கிறார்கள். முன்வரிசைப் பிள்ளைகளில் பலர் சென்னையின் பெயர்பெற்ற கல்லூரிகளை மேலே எழுதுகிறார்கள். அவை 190க்கு மேல் எடுத்தவர்களால் நிரம்புகின்றன. நான்கு வருடம் கழித்து அவர்களுக்கு வேலை கிடைக்கும்போது, எவ்வளவு பங்கு கல்லூரி கொடுத்தது, எவ்வளவு பங்கு பிள்ளை பிளஸ் டூவிலேயே கொண்டுவந்தது? பிளேஸ்மென்ட் சதவீதத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆட்களைப் பொறுக்கியதால் வந்த வித்தியாசத்தை இடத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வதைத் தெரிவு மயக்கம் என்று சொல்லலாம்.

மயக்கம் என்றாலும் முழுப் பொய் இல்லை. நல்ல பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு கம்பெனி வரும். கம்பெனி வரும் இடத்துக்கு அடுத்த வருடம் நல்ல பிள்ளைகள் வருவார்கள். சக்கரம் சுற்றும். ஆனால் அது அந்தந்தக் கல்லூரியின் சக்கரம், ஊரின் சக்கரம் அல்ல. அதே சென்னையைச் சுற்றி இடம் நிரம்பாத கல்லூரிகளும் இருக்கின்றன. அதே சக்கரம் பெருநகரம் இல்லாத ஊரிலும் சுற்றுகிறது. நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யை 1951இல் கொல்கத்தாவில் வைக்கவில்லை, கரக்பூரில் வைத்தார்கள். ராஜஸ்தானத்துப் பிலானியில் உள்ள பிட்ஸ் கல்லூரிக்கும் நம்ம வேலூர் சி.எம்.சி.க்கும் இந்தியா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது சிதம்பரத்தில்.

இந்த மயக்கத்தைத் தெளிய வைக்க ஒரு சின்ன வேலை போதும். உங்கள் பிள்ளையின் கட்ஆஃபுக்குச் சென்னையில் கிடைக்கும் கல்லூரியையும், அதே கட்ஆஃபுக்கு வேறு ஊரில் கிடைக்கும் கல்லூரியையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் மட்டும் ஒப்பிடுங்கள். 195 கட்ஆஃப் கல்லூரியின் பிளேஸ்மென்ட் போஸ்டரைக் காட்டி 140க்கு இடம் எடுப்பது, முதல் கடைக் குலையைப் பார்த்துவிட்டுக் கடைசிக் கடையில் காசு கொடுப்பது போல.

மறுபடி ஒருமுறை: திரட்சி என்பது இடம் தருவது. தெரிவு மயக்கம் என்பது இடம் தந்ததுபோல் தோன்றுவது. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

எந்தப் படிப்புக்கு எந்த ஊர்?

திரட்சி தொழிலுக்குத் தொழில் வேறு இடத்தில் இருப்பதால், ‘பெரிய ஊர்’ என்ற பொதுவான விடை கிடையாது.

சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படிக்கிறவருக்கு நீதிமன்றம்தான் ஆய்வுக்கூடம். 2004 ஜூலை வரை உயர் நீதிமன்றம் என்றால் நமக்குச் சென்னைதான். நாகர்கோவிலில் தொடங்கிய ஒரு வழக்கின் மேல்முறையீட்டுக்கு எழுநூறு கிலோமீட்டர் கட்டோடு போகவேண்டும். அந்த மாதம் மதுரைக் கிளை திறந்தது. நம் மாவட்டமும் அதன் எல்லைக்குள் வந்தது. அதன் பிறகு தென் மாவட்டத்து வழக்கறிஞர்கள் மதுரையில் அறை எடுத்தார்கள், சீனியர்கள் உருவானார்கள், ஜூனியர்களுக்கு வேலை வந்தது. அரசு எடுத்த ஒரு முடிவு திரட்சியையே இடம் மாற்றிவிட்டது. இன்றைக்கு வக்கீலாக நினைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு மதுரை அல்லது திருநெல்வேலி சட்டக் கல்லூரி இரண்டாம் பட்சமாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

காற்றாலையில் விஷயம் தலைகீழ். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் தலைக்கு மேலே சுற்றுகிறது. தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருப்பது சென்னைப் பள்ளிக்கரணையில். அதன் சோதனை நிலையம் கயத்தாறில். காற்று எங்கே அடித்தாலும் ஆபீஸ் சென்னைக்குத்தான் போகும்! ஆக, காற்றாலையைப் பழுது பார்க்கப் படிப்பவருக்கு ஒரு ஊர், அதை வடிவமைக்கப் படிப்பவருக்கு வேறு ஊர்.

கடல்சார் படிப்புக்குப் பெருநகரம் எதற்கு? சுந்தரனார் பல்கலைக்கழகமே தன் கடல் அறிவியல் மையத்தை நெல்லையில் வைக்காமல் நம்ம ராஜாக்கமங்கலத்தில் வைத்திருக்கிறது. மீன்வளக் கல்லூரி 1977இல் வந்தது தூத்துக்குடியில். மருத்துவத்தில் பார்க்கவேண்டியது ஊரை அல்ல, வார்டில் கட்டில் நிறைகிறதா என்பதை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வெளிநோயாளிப் பிரிவில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, யாரும் அவர்களைக் கண்டுகொள்வதில்லை என்பதால். நாஞ்சில் நாட்டைப் பற்றி ஆராயப்போனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தைவிட அதிகம் உதவுவது திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரசின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன.

எல்லைக்கோடும் விலைச்சீட்டும்

திருவனந்தபுரம் என்றதும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு முரண் நினைவுக்கு வருகிறது. நமக்கு மிக அருகில் இருக்கும் பெருநகரம் அதுதான். களியக்காவிளையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். தும்பாவில் விண்வெளி மையம், 1990இல் வந்த டெக்னோபார்க் எல்லாம் உண்டு. ஆனாலும் நம் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு எழுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போகிறார்கள். காரணம், அது வேறு மாநிலம். மாநில ஒதுக்கீட்டு இடம் கேரளத்தவருக்கு. இங்கே கவுன்சலிங்கில் கிடைக்கும் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் செக்போஸ்ட்டைத் தாண்டி வராது. வலியமலையில் உள்ள விண்வெளித் தொழில்நுட்பக் கழகம் போல அகில இந்தியத் தேர்வு வழியாகப் போகும் இடங்களுக்கு இந்தச் சுவர் இல்லை.

விலைக்கு வருவோம். கட்டணம், விடுதி, மெஸ் எல்லாரும் போடுகிற கணக்கு. விட்டுப்போவது வாய்ப்புச் செலவு: ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போகும் அடுத்த நல்ல விஷயம். வீட்டிலிருந்து கோணத்துக்குப் போய்வந்தால் மிச்சமாகும் விடுதிப் பணத்தில் ஒரு நல்ல லேப்டாப்பும் இரண்டு விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையில் ரூம் வாடகையும் அடங்கிவிடும். அதாவது திரட்சியை நான்கு வருட வாடகைக்கு எடுக்காமல் நான்கு மாத வாடகைக்கு எடுக்கலாம். இந்த வழியை யோசிக்கிறவர்கள் குறைவு. நேரமும் அப்படித்தான். நகரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் ஒன்றரை மணி நேரம் திரும்பினால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். எந்தப் பாடத்துக்கும் யாரும் அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை.

அக்காவின் கவலையையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, வீட்டில் ஒன்று என்றால் எப்படி வந்து சேர்வது என்பதெல்லாம் நிஜமான செலவு. 2024 ஆகஸ்டு முதல் வந்தே பாரத் சுமார் ஒன்பது மணி நேரத்தில் எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வந்துவிடுகிறது. முன்பு ராத்திரி முழுக்க ஆகும். தூரம் குறையவில்லை. அதன் விலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

அந்த டைரி

தக்கலைக்குத் திரும்பினால், அன்றைக்கு நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ‘செ’ எழுத்துகளை எல்லாம் அடித்துவிட்டு, மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்மையான ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். அப்புறம் அந்தக் காலிக் கட்டங்களில் பிரிவு. அவளுக்கு மெக்கானிக்கல் பிடிக்கும். சின்ன வயதில் தாத்தாவின் டி.வி.எஸ்.50ஐப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவள். பதினொரு ‘செ’யில் நான்கு மட்டுமே மிஞ்சின. கோணம் பதினெட்டிலிருந்து ஐந்துக்கு ஏறியது. பக்கத்துச் சீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார். அவர் மகன் பட்டியலில் என்ன எழுதினார் என்று தெரியாது.

கிடைத்தது மூன்றாவது எழுதிய இடம், ஒரகடம் பக்கம். கார்த் தொழிற்சாலைகள் சுற்றிலும் இருப்பதைத் தெரிந்தேதான் எழுதினோம். சேர்ந்து மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்கு வந்திருந்தாள். அறுபது நாள் முன்பே காலை எட்டு மணிக்கு ரயில் டிக்கெட்டுக்கு உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்ட்தான். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தாளாம். ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனதையும் ரோபோ கை வெல்டிங் செய்வதையும் முறுக்கு தின்றுகொண்டே சொன்னாள்.

“சென்னை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியல மாமா. இன்னும் போகல.”